கால்மாட்டில் இரண்டு செங்கல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஓய்வு பெற்றவர்களிடம் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். என்னிடம் நல்லதாக நாலு வார்த்தை கிடையாது. ஒரு பஸ் கண்டக்டரின் கதை இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கேட்டு முடித்ததும் இந்தக் கிழவிக்கு நாக்கில் விஷம் என்று நீங்கள் பேசிக்கொண்டாலும் எனக்குக் கவலை இல்லை.

நான் கள்ளக்குறிச்சியில் பொது மருத்துவம் பார்த்தவள். மலையிலிருந்து ஜீப்பில் இறக்கிக் கொண்டுவருகிறவர்கள், கரும்பு வெட்டும்போது மயங்கி விழுந்தவர்கள், டவுன் பஸ்ஸில் ஏறும்போதே கை விளங்காமல் போனவர்கள் என்று பக்கவாதம் மட்டும் எத்தனை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர்களில் பலர் பிழைத்தார்கள், பலர் போனார்கள். அதெல்லாம் மறந்துவிட்டது. சவரிமுத்துவை மட்டும் மறக்க முடியவில்லை.

சவரிமுத்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். வடக்கனந்தல்காரர். ஐம்பதைத் தாண்டியவர். வாய்தான் அவருக்கு மூலதனம். படியில் தொங்குகிறவனைத் திட்டுவார், மூட்டை ஏற்றுகிறவளிடம் வம்பளப்பார், பின்பக்கத்திலிருந்து அவர் "போலாம் ரைட்" என்று குரல் கொடுத்தால் முன்னால் டிரைவருக்கு விசிலே தேவைப்படாது. அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டம்ளரைக் கீழே போட்டார். வலது கை தொங்கிவிட்டது. பேச வாயைத் திறந்தார், சத்தம் மட்டும்தான் வந்தது.

உடனே கொண்டுவந்துவிட்டார்கள், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தோம். ஸ்கேனில் மூளையின் இடது பக்கம், ஆழத்தில், சின்னதாக ஒரு இடத்தில்தான் சேதம். பெரிய ரத்தக் குழாய்கள் எல்லாம் திறந்திருந்தன. மேலே பேச்சுக்கான பகுதியில் ஒரு கீறல்கூட இல்லை. கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க ஆரம்பித்தார். பேச்சுதான் வரவில்லை.

அவர் மனைவி லூர்துமேரி. கோமுகி அணை வாய்க்கால் ஓரத்தில் கரும்பு வைத்திருக்கிற குடும்பத்தில் பிறந்தவள், மண்வெட்டியும் கையுமாக மடை திருப்பி வளர்ந்தவள். கட்டிலை விட்டு நகரமாட்டாள். ரவுண்ட்ஸ் போகும்போதெல்லாம் அவளிடம் ஒரே கேள்விதான்.

"டாக்டரம்மா, பேசுவாரா?"

"பேசுவாரும்மா. நாள் ஆவும்."

"சண்ட போடக்கூட வாய் வரலையே இவருக்கு. வூட்ல சத்தமே இல்லாம நான் இன்னா பண்ணுவேன்?"

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன, அவர் பேச வேண்டும். அவர் வேலையும் அதில்தான் இருந்தது. பேச முடியாத கண்டக்டரை யார் பஸ்ஸில் ஏற்றுவார்கள்?

ஒரு நாள் எனக்கு ஒன்று தோன்றியது. பேச்சு போனவர்களுக்கும் வரிசையாகச் சொல்லிப் பழகியது சில சமயம் தானாக வரும். ஒன்று, இரண்டு, மூன்று வரும், ஜெபம் வரும். நான் கட்டில் ஓரத்தில் நின்று, "கள்ளக்குறிச்சி… வடக்கனந்தல்…" என்று இழுத்தேன். அவர் உதடு அசைந்தது. "கச்சிராயபாளையம்" என்றார். தெளிவாக. வார்டே திரும்பிப் பார்த்தது. நான், "எல்லாம் ஏறியாச்சா?" என்று கேட்டேன். "ரைட்" என்றார். அடுத்த நிமிஷம் தன் பேரைச் சொல்லச் சொன்னால் வரவில்லை, அழுதார். ஆனால் கதவு முழுக்க மூடவில்லை என்பது தெரிந்துவிட்டது. லூர்துமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது அவளிடம் ஆற அமரச் சொன்னேன். உட்கார வைத்துத்தான் சாப்பாடு. கையை வேலை வாங்கு. எந்நேரமும் பேச்சுக் கொடு, தப்பாகச் சொன்னாலும் சொல்ல விடு. எட்டு நாளைக்கு ஒரு தரம் கூட்டிக்கொண்டு வா. தலையை ஆட்டினாள். முதல் இரண்டு தடவை வந்தாள். இரண்டாம் தடவை சவரிமுத்து தண்ணி, சோறு, லூர்து என்று மூன்று வார்த்தை கூடச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார்.

அதோடு நின்றது.

நடந்தது என்ன என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். லூர்துமேரிக்குப் பிலவேந்திரன் என்று ஒரு தம்பி. வெளியூரில் நல்ல உத்தியோகம். பண்டிகைக்கு வந்தவன் மாமாவைப் பார்த்துவிட்டு, கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியை நம்பி உட்கார்ந்திருக்கிறீர்களே என்று சத்தம் போட்டு, காரில் ஏற்றி ஒரு பெரிய ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். பாசத்தில் செய்ததுதான். அங்கே ரத்த ஓட்டத்தை நிறம் நிறமாகக் காட்டும் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். வலது பக்கம் சிவப்பும் மஞ்சளுமாக ஜொலித்தது. இடது பக்கம் நீலம்.

அதைப் பார்த்த டாக்டர் இளைஞர், கெட்டிக்காரர். திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டி, "இடது பக்க மூளைக்கு ரத்த ஓட்டம் ரொம்ப கம்மியா இருக்கு. மாத்திரையை விடாதீங்க. நல்லா ரெஸ்ட் குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். வெளியே கூட்டம். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த வாக்கியத்தில் தப்பு உண்டா? கிடையாது. ஓட்டம் கம்மிதான். ஆனால் ஏன் கம்மி?

இதை உங்களுக்குப் பாடமாக நடத்தியிருப்பார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பீர்கள். அதனால் மறுபடி சொல்கிறேன். ஆழத்தில் அந்தச் சின்ன இடம் செத்ததும், அங்கிருந்து மேலே பேச்சுப் பகுதிக்குப் போய்க்கொண்டிருந்த சேதி நின்றுவிட்டது. சேதி வராத பகுதி வேலையைக் குறைத்துக்கொள்கிறது. வேலை குறைந்த இடத்துக்கு மூளை ரத்தத்தையும் குறைத்துத்தான் அனுப்பும். குழாய் அடைத்ததால் வந்த குறைவு அல்ல அது, கேட்பார் இல்லாததால் வந்த குறைவு. எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஒருவர், ரத்தம் எஜமான் இல்லை, கூலியாள், வேலை நடக்கிற இடத்துக்குத்தான் வருவான் என்பார். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம்.

ஆகவே நீலம் இரண்டு வகை. விழுந்த முதல் சில மணி நேரத்தில், குழாய் அடைத்திருக்கும்போது தெரிகிற நீலம் பசி. அதற்கு ஓட வேண்டும், ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது. நாள் கழித்து, குழாய் திறந்திருக்கும்போது, சேதமில்லாத இடத்தில் தெரிகிற நீலம் பெரும்பாலும் மௌனம். அதற்குப் பேச்சுக் கொடுக்க வேண்டும். படத்தில் இரண்டும் ஒரே நிறம்தான். குழாயைப் பார், விழுந்து எத்தனை நாள் என்று பார், எல்லாவற்றுக்கும் மேலாக எதிரில் உட்கார்ந்திருக்கும் மனுஷனைப் பார். சவரிமுத்து அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தண்ணி என்றோ ரைட் என்றோ சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சுக் கொடுத்தால் எல்லோருக்கும் எல்லாம் திரும்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவன் மருந்துக்கடை போஸ்டர் ஒட்டுகிறவன். இவருக்கு வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

லூர்துமேரி வீட்டுக்குப் போய் யோசித்திருக்கிறாள். தலைக்கு ரத்தம் ஏறவில்லை. அவள் பிறந்த இடத்தில் மேட்டுக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் என்ன செய்வார்கள்? மேட்டை வெட்டிப் பள்ளமாக்குவார்கள். அவள் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் செங்கல் வைத்துத் தூக்கினாள். தலையணையை உருவி எறிந்தாள். தலை தாழ, கால் உயர, இடது பக்கமாகப் படுக்க வைத்தாள். டாக்டர் ரெஸ்ட் என்று சொன்னதால் யாரையும் கிட்டே விடவில்லை. பக்கத்து வீட்டு டிவியைக்கூட நிறுத்தச் சொன்னாளாம். பங்குச் சாமியார் ஜெபம் சொல்ல வந்தபோது, வெளியே நின்று மனசுக்குள் சொல்லுங்க சாமி என்று அனுப்பினாளாம். இரண்டு தடவை ஆள் விட்டுப் பார்த்தேன், ரெஸ்டில் இருக்கிறார் என்றே பதில் வந்தது. நெல்லுக்குக் காவல் இருப்பது மாதிரி அந்த மௌனத்துக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

மாசி பிறந்தபிறகு ஒரு மத்தியானம் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெருப்பாகக் கொதித்தது. நெஞ்சில் கரகரவென்று சத்தம். ஆள் பாதியாகியிருந்தார். கஞ்சி வயிற்றுக்குப் போவதற்குப் பதில் நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது என்பது காதை வைத்ததுமே தெரிந்தது.

"கஞ்சி எப்படிக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"படுக்க வச்சுதான் டாக்டரம்மா. சங்குல ஊத்தினேன். தல எறக்கமா இருக்கணுமில்ல?"

"எதுக்கு எறக்கமா?"

செங்கல்லைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை என்றாள். உடனே நர்ஸிடம் கட்டிலின் தலைமாட்டைத் தூக்கச் சொன்னேன். லூர்துமேரி ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தலயத் தூக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். இம்மா நாளா சேத்த ரத்தம் எல்லாம் எறங்கிடும்."

"மூச்சு வுடணும் லூர்து. அதுக்குத்தான்" என்று மட்டும் சொன்னேன். அந்த நேரத்தில் அவளுக்கு அதற்கு மேல் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். புருஷன் மூச்சுக்குப் போராடும்போது, இது உன் செங்கல்லால் வந்தது என்று ஒருத்தியிடம் சொல்வதற்கு எந்தப் புத்தகமும் எனக்குக் கற்றுத்தரவில்லை. இன்றைக்கும் அந்த முடிவு சரி என்றுதான் சொல்வேன்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அந்த டாக்டரே பேசினார். மரியாதையான பிள்ளை, மேடம் மேடம் என்றுதான் பேசினார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் படத்துல இருந்ததத்தான மேடம் சொன்னேன்? தப்பா எதுவும் சொல்லலையே."

"தப்பா சொல்லல. ஏன் கம்மின்னு சொன்னீங்களா?"

"அவங்களுக்கு அதெல்லாம் புரியுமா மேடம்?"

புரியாதாம். நடவு இல்லாத வயலுக்கு மதகைத் திறக்கமாட்டார்கள் என்று கோமுகி தண்ணீரில் கரும்பு வளர்த்தவளுக்குப் புரியாதாம். வாய்க்கால் காய்ந்து கிடந்தால் அணை உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, முதலில் வயலில் பயிர் வேலையைத் தொடங்கு, தண்ணீர் தானாக வரும் என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் அவள் எனக்கே பாடம் எடுத்திருப்பாள். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல நேரமில்லை. நேரமில்லை என்பதைப் புரியாது என்று சொல்லிக்கொள்வது நம் தொழிலில் பழைய பழக்கம். நீங்களும் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள்.

அவர் மேல் குற்றமில்லை என்று நீங்கள் வாதாடலாம். எந்த விசாரணையிலும் அவர் ஜெயிப்பார். என்னையும் யாரும் குற்றம் சொல்ல முடியாது, நான் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பிலவேந்திரன் மாமாவுக்கு நல்லதைத்தான் செய்தான். லூர்துமேரி கேட்டதை அப்படியே செய்தாள். எல்லோரும் நல்லவர்கள். நடுவில் ஒரு மனுஷன் சாகிறான்.

சவரிமுத்துவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ராமன் என்று ஒருவர் இருந்தார். கல்வராயன் மலைக்காரர், சாமை விதைத்துப் பிழைக்கிற குடும்பம். அவருக்கும் பக்கவாதம்தான், அவருக்கும் பேச்சு குழறியிருந்தது. மனைவி சின்னப்பொண்ணு மலையிலிருந்து இறங்குவதே அபூர்வம். ஆஸ்பத்திரியில் குழாயடி எங்கே, சோறு எங்கே கொடுக்கிறார்கள் என்று அவளுக்கு எல்லாம் காட்டிக்கொடுத்தது லூர்துமேரிதான். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகமாகிவிட்டார்கள்.

சவரிமுத்து இறந்தது ஒரு காலை நேரம். மருந்து எதுவும் பிடிக்கவில்லை. லூர்துமேரி கதறவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, தாடையைத் துணியால் கட்டிவிட்டு, வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் ராமனை வீட்டுக்கு அனுப்பத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். மலைக்குப் போகிற ஜீப் வாசலில் நின்றது. நான் அந்தப் பக்கம் வரும்போது லூர்துமேரி சின்னப்பொண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"தலகாணி வைக்காத தாயி. கால்மாட்டுல செங்கல்லு வையி. செங்கல்லு இல்லன்னா கல்லு வையி. யாரையும் பேச உடாத. நான் லேட்டா ஆரம்பிச்சுட்டேன், அதான் போய்ட்டாரு. நீயாவது இன்னிலேருந்தே வையி."

சின்னப்பொண்ணு சட்டென்று திரும்பி ராமனின் தலைக்குக் கீழே இருந்த தலையணையை உருவினாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள், என்ன செய்வீர்கள்? லூர்துமேரி போகிற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறம் சின்னப்பொண்ணுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அவள் யாரை நம்புவாள்? அவசரமாக வந்து போகிற டாக்டரையா, கூடவே சாப்பிட்டுப் படுத்து, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவளையா? ஜீப் மலை ஏறிவிட்டால் பின்னால் ஓடிப்போய்ச் சொல்ல எனக்குக் கால் இல்லை. அங்கே மட்டுமா? லூர்துமேரி வீட்டுக்குத் துக்கம் கேட்க ஊரே வரும். லேட்டாக ஆரம்பித்துவிட்டேன், நீங்களாவது சீக்கிரம் வையுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். வடக்கனந்தலில் அடுத்து எவன் விழுந்தாலும் அவன் கட்டிலுக்கும் செங்கல் வந்துவிடும்.

அவள் வாயால் பரவப்போவதை அவளிடமே சொல்லித்தான் நிறுத்த வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

"லூர்து, செங்கல் வேண்டாம்" என்றேன்.

"ரத்தம் போவணுமே டாக்டரம்மா."

"குழாய்ல அடைப்பு இல்லம்மா. பேச்சு நின்னதால ரத்தம் கம்மியாச்சு. நடவு இல்லாத வயலுக்குத் தண்ணி தொறப்பாங்களா? பேசப் பேசத்தான் வரும். தல எறங்கி இருந்தா வராது. கஞ்சிதான் நெஞ்சுக்குப் போவும்."

அவளுக்குப் புரிந்தது. எவ்வளவு சீக்கிரம் புரிந்தது தெரியுமா? நான் சொல்லி முடிப்பதற்குள் புரிந்தது. கண் கொட்டாமல் என்னைப் பார்த்தாள். அப்புறம் துணி கட்டியிருந்த சவரிமுத்துவின் வாயைப் பார்த்தாள். இந்த வேலைக்கு ஏன் வந்தோம் என்று நான் நினைத்தது என் வாழ்க்கையில் அந்த இடத்தில்தான்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் இப்போது இன்னும் பெரிய ஆளாகிவிட்டார். அவர் பாதியில் விட்ட வாக்கியத்தை நான் முடித்தேன். முடித்தது ஒரு பொம்பளையின் தலையில் போய் விழுந்தது. நீங்கள் விடுகிற பாதி வாக்கியங்களையும் எங்கேயோ ஒருத்தர் முடிக்கத்தான் போகிறார். உங்களுக்கு அது தெரியவே வராது. நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவீர்கள்.

லூர்துமேரி எழுந்தாள். சின்னப்பொண்ணுவின் கையிலிருந்த தலையணையை வாங்கினாள். ராமனின் தலையைத் தானே தூக்கி அதை அடியில் வைத்தாள்.

"பேச்சு குடு தாயி. தப்பாப் பேசினாலும் பேச உடு" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

"ரைட்டு ரைட்டுனு சொல்லிக்கினேதான் இருந்தாரு டாக்டரம்மா. நாந்தான் வாயப் பொத்தினேன்."

அதற்குள் வண்டி வந்துவிட்டது.